பேசாதவர் பெயரை யார் எழுதுவது?

கோயமுத்தூரில் கம்பெனி செக்ரட்டரியாகத் தனியாக பிராக்டிஸ் செய்கிறேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னமும் நான் ஏதோ ஒரு முதலாளிக்கு லெட்டர் டைப் அடித்துக் கொடுப்பதாகத்தான் நினைக்கிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன். ஸ்பின்னிங் மில், பம்ப்செட், ஃபவுண்டரி என்று குடும்பங்கள் நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள்தான் என் கிளையண்டுகள். அவர்களுடைய போர்டு மீட்டிங்கில் ஓரமாக உட்கார்ந்து கேட்டு மினிட்ஸ் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பில் பெரும்பகுதி.

இப்போது ஒவ்வொரு வீட்டிலும் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளை டைரக்டர் ஆகியிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, மீட்டிங்கை ஏஐயே ரெக்கார்டு பண்ணி, அதுவே சம்மரியும் போட்டுக் குடுக்குது. நீங்க ஏன் இன்னும் நோட்டுல கிறுக்கிட்டு இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. ஆட்டர், ஃபயர்ஃபிளைஸ், ஃபேத்தம் என்று தனிக் கருவிகள் இருக்கின்றன. ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் மூன்றுக்குள்ளேயும் இந்த வசதி வந்தாயிற்று. நானும் பயன்படுத்துகிறேன், தினமும். ஆனால் போர்டு மினிட்ஸுக்கு இல்லை. ஏன் இல்லை என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். இனி லிங்க் அனுப்பிவிடலாம்.

முதலில் மினிட்ஸ் என்றால் என்ன என்பது. மீட்டிங்கில் நடந்ததன் சுருக்கம்தானே என்பார்கள். பாதி சரி. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 118-ன்படி மீட்டிங் முடிந்து 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் அது ஏற வேண்டும். அதற்கு முன் 15 நாளுக்குள் டிராஃப்ட் எல்லா டைரக்டர்களுக்கும் போக வேண்டும். அவர்கள் 7 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம். பிறகு சேர்மன் கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம் இனிஷியல். அப்படிக் கையெழுத்தாகிவிட்டால் அது நடவடிக்கைகளுக்குச் சாட்சியம். அதில் யாராவது கைவைத்துத் திருத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று அதே பிரிவு சொல்கிறது. கம்பெனி செக்ரட்டரிகளுக்கான எங்கள் இன்ஸ்டிட்யூட்டின் எஸ்எஸ்-1 என்ற செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டு 2015 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. பேசியதை அப்படியே எழுத வேண்டியதில்லை, நியாயமான சரியான சுருக்கம் போதும் என்று அது சொல்கிறது. படர்க்கையில், இறந்தகாலத்தில் எழுத வேண்டும். தீர்மானங்கள் மட்டும் நிகழ்காலத்தில்.

படர்க்கை, இறந்தகாலம் எல்லாம் கருவிக்குத் தண்ணி பட்ட பாடு. அந்த நடையில் எழுதச் சொன்னால் என்னைவிட அழகாக எழுதும். பிரச்சினை நடையில் இல்லை.

இந்தக் கருவிகளில் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று வேலைகள் நடக்கின்றன. ஒன்று, ஒலியை எழுத்தாக்குவது. இரண்டு, எந்தக் குரல் யாருடையது என்று பிரிப்பது. மூன்று, அந்த எழுத்தை வாங்கி ஒரு மொழி மாடல் சுருக்குவது. கீழே நடந்த பிழை மேலே போகும்போது காணாமல் போய்விடும், அதுதான் ஆபத்து. முதல் கட்டத்தில் தப்பாக விழுந்த சொல்லைப் படித்தால் தப்பு என்று கண்ணுக்குத் தெரியும். அதே தப்பைச் சுருக்கம் எழுதும் மாடல் வாங்கி, இலக்கணப் பிழையில்லாத வாக்கியமாக்கி, தலைப்புப் போட்டுக் கொடுத்துவிடும். அப்புறம் யார் சந்தேகப்படுவது?

எங்கள் ஊர் மீட்டிங் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு முதல் கட்டத்தின் கஷ்டம் புரியும். டேர்ம் லோன், மோரட்டோரியம் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். வினைச்சொல் எல்லாம் கொங்குத் தமிழில் வரும். நடுவில் மில் சூப்பர்வைசரைத் திட்டுவது தெலுங்கில் வரும், சில வீடுகளில் கன்னடத்தில். ஓப்பன் ஏஐ 2022-ல் வெளியிட்ட விஸ்பர் மாடலைப் பல கருவிகள் அடித்தளமாக வைத்திருக்கின்றன. அதைப் பழக்கிய ஒலி மொத்தம் 6,80,000 மணி நேரம். அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது 1,17,000 மணி நேரம். அந்தப் பங்கில் தமிழுக்கு ஒரு துண்டு, அந்தத் துண்டில் பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே மாடல்கள் செய்து தருகிறது. நிலைமை மாறிக்கொண்டுதான் வருகிறது. சொல் பிழை இன்னும் சில வருடத்தில் பெரிய பேச்சாகவே இருக்காது என்பது என் எண்ணம். எனவே அதை வைத்து நான் மறுக்கவில்லை.

இரண்டாவது கட்டம் குடும்பக் கம்பெனிக்கென்றே வைத்த வில்லங்கம். அண்ணன் தம்பி மூன்று பேர், ஒரே குரல். போனில் பேசினால் அவர்கள் வீட்டு அம்மாக்களுக்கே குழப்பம் வரும். பெரியவர் கேள்வியைக் கேட்டு நடுவிலவர் பதில் சொன்னால், கருவி இரண்டையும் பெரியவர் கணக்கில் எழுதும். பேச்சுப் போட்டியில் அது பரவாயில்லை. கடனுக்கு யார் சொந்தப் பொறுப்பில் கேரண்டி தருவதாகச் சொன்னார் என்பதில் அது பரவாயில்லையா?

மூன்றாவது கட்டத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒரு கம்பெனியில் பக்கத்து நிலத்தை வாங்க பேங்க் கடன் எடுப்பது பற்றிப் பேச்சு. சின்னவர் கணக்கை விரித்துக் காட்டினார். பெரியவர் சுவரைப் பார்த்தார். அங்கே சந்தன மாலை போட்ட அப்பா படம். "அப்பா இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்குவாருங்களா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அறையில் இருந்த எல்லோருக்கும் அது 'வேண்டாம்' என்று புரிந்தது. சின்னவரின் மகன் ஓடவிட்டிருந்த கருவி மாலையில் அனுப்பிய சுருக்கத்தில், செய்ய வேண்டியவை பட்டியலில் மூன்றாவதாக இருந்தது: "கடன் தொடர்பாகத் தந்தையின் ஒப்புதலைப் பெற வேண்டும். பொறுப்பு: சேர்மன்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். ஆனால் அதே சுருக்கத்தில் அதற்கு மேலே இருந்த வரியை யாரும் கவனிக்கவில்லை: "கூரையில் சோலார் அமைக்க போர்டு முடிவு செய்தது." டீ வரும்போது ஒருவர் வாய்ப்பேச்சாக "சோலார் போட்டுரலாம்ல" என்றார், இன்னொருவர் "ம்" என்றார். அவ்வளவே. அஜெண்டாவில் அது இல்லை, ஓட்டும் இல்லை. நாளைக்கு அந்த வரி மினிட்ஸில் ஏறி, அதிலிருந்து ஒரு சர்டிஃபைடு ட்ரூ காப்பி எடுத்துப் பேங்குக்கு யாராவது கொடுத்தால், சோலார் கடனுக்கு போர்டு ஒப்புதல் இருக்கிறது என்றுதான் மேனேஜர் படிப்பார். சிரிப்பு வரவைக்கும் பிழை எங்களைக் காப்பாற்றும். சாதுவாக உட்கார்ந்திருக்கும் பிழைதான் கவிழ்க்கும்.

இதெல்லாம்கூட ஒழுங்காகச் சரிபார்த்தால் பிடித்துவிடலாம். என்னால் சமாளிக்க முடியாத இடம் வேறு.

பிரிவு 118(4)-ஐப் பிள்ளைகள் படித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தீர்மானத்திலும், எதிர்த்த டைரக்டரின் பெயரை எழுத வேண்டும் என்கிறது. அதோடு நிற்கவில்லை, உடன்படாதவர் பெயரையும் எழுதச் சொல்கிறது. எதிர்ப்பவர் வாயைத் திறப்பார். உடன்படாதவர் பெரும்பாலும் திறக்க மாட்டார். எங்கள் குடும்பங்களில் அப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். அண்ணன் முன்னால் மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத தம்பி, மாமனார் முன்னால் உட்கார்ந்திருக்கும் மருமகள், பேலன்ஸ் ஷீட்டை ஒரே பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு நிமிராமல் இருக்கும் அத்தை. தீர்மானத்தைச் சேர்மன் படித்து "சரிதானுங்களே?" என்று கேட்கும்போது நான் வாய்களைப் பார்ப்பதில்லை, அவர்களைப் பார்க்கிறேன். மீட்டிங் முடிந்து டிராஃப்ட் அனுப்புவதற்கு முன் அந்த ஒருவருக்குப் போன் போடுவேன். "ஏனுங்க, ஏழாவது ஐட்டத்துல உங்க பேரை எப்படிப் போடட்டும்?" கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு "போடுங்க அம்மிணி, சரின்னே போடுங்க" என்பார் அல்லது "அதுல நான் சேரலைன்னு எழுதிருங்க" என்பார். அப்படி இரண்டாவதைச் சொன்ன ஒரு தம்பியின் பெயரை நான் எழுதி, டிராஃப்டைப் பார்த்த அண்ணன் இரவு பத்து மணிக்குத் தம்பி வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை அந்த ஐட்டத்தைத் திரும்ப எடுக்க இன்னொரு மீட்டிங்குக்கு நோட்டீஸ் போடச் சொன்னார்கள். ரெக்கார்டு போட்டுக் கேட்டிருந்தால் அந்தத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகத்தான் இருந்திருக்கும்.

ஒலியிலிருந்து எழுதும் கருவிக்குப் பேசாதவர் இல்லாதவர். அதைவிட மோசம், பேச்சில்லாத இடத்தில் அது சும்மா இருப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலிசன் கோனெக்கியும் உடன் ஆய்வாளர்களும் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், விஸ்பர் எழுதியவற்றில் ஏறத்தாழ 100-க்கு 1 துண்டில் யாருமே சொல்லாத சொற்றொடர்கள் இருந்தன. பேச்சில் நீண்ட இடைவெளி விடுபவர்களுக்கு, அதாவது மூளைப் பாதிப்பால் பேச்சுத் தடைப்பட்டவர்களுக்கு, அது கூடுதலாக நடந்தது. ஒலியை 30 விநாடித் துண்டுகளாக வாங்கி, அடுத்து வரத்தக்க சொல்லை ஊகித்து எழுதும் அமைப்பு அது. காதில் ஒன்றும் விழாவிட்டாலும் கை எழுதப் பார்க்கும். 100-க்கு 1 என்பது சிறிய எண்தான். அந்த ஒன்று போர்டில் எங்கே விழும் என்று பார்த்தால், எல்லோரும் அமைதியாக இருக்கும் இடத்தில். எனக்கு முக்கியமான இடமே அதுதான்.

அடுத்தது வீடியோ மீட்டிங். வெளியூரில் இருக்கும் டைரக்டருக்கு இது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் 2014-ம் வருட போர்டு மீட்டிங் விதிகளில் மூன்றாவது விதி அதற்கென்றே எழுதப்பட்டது. ஆரம்பத்தில் சேர்மன் ரோல் கால் எடுப்பார். ஒவ்வொரு டைரக்டரும் தன் பெயர், எந்த ஊரிலிருந்து கலந்துகொள்கிறார், அஜெண்டா வந்ததா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். தன்னைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை, மீட்டிங்கை வேறு யாரும் கேட்க முடியாது என்றும் உறுதி சொல்ல வேண்டும்.

ஒரு தம்பி இதைச் சுத்தமாகச் சொன்னார். "என்னோட யாரும் இல்லீங்க." திரையில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம், அவர் பெயரோடு 'நோட்டேக்கர்' என்று சேர்த்து. காலண்டரில் லிங்க் இருந்தால் போதும், சில கருவிகள் அழைக்காமலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அது அனுப்பும் ஒலி எந்த நாட்டு சர்வருக்குப் போகிறது, அங்கே யார் கேட்க முடியும் என்று அந்தத் தம்பிக்கும் தெரியாது. அவரைக் குறைசொல்ல முடியாது. "தம்பி, உங்களோட வந்தவரை வெளிய அனுப்பிட்டு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். பெரியவர்கள் பயந்துபோய் யார் யார் என்று கேட்டார்கள்.

வேறொரு கம்பெனியில் டைரக்டர் வரவில்லை, அவருடைய நோட்டேக்கர் மட்டும் வந்திருந்தது. கோரத்துக்கு, அதாவது மீட்டிங் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச டைரக்டர் எண்ணிக்கைக்கு, அதையும் எண்ணலாமா என்று அக்கவுண்டன்ட் கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை என்பதுதான் எனக்குக் கவலை.

ரெக்கார்டிங்கே கூடாது என்றும் சொல்ல முடியாது. அதே விதியின்படி வீடியோ மீட்டிங்கை ரெக்கார்டு செய்தே ஆக வேண்டும்; அந்த வருடத்து ஆடிட் முடியும் வரையாவது கம்பெனியின் ஆவணமாகப் பத்திரப்படுத்த வேண்டும். எனவே 'மினிட்ஸ் எழுதியாச்சு, வீடியோவை அழிச்சிருங்க' என்று சொல்லும் புத்திசாலிகளையும் நான் தடுக்க வேண்டியிருக்கிறது. நேரில் உட்கார்ந்து நடத்தும் மீட்டிங்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே மேஜை மேல் போனைக் கவிழ்த்துவைத்து ரெக்கார்டு போடுவது யாருடைய யோசனை, எல்லோருக்கும் தெரியுமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் ஆட்டர் மீது போடப்பட்ட வழக்கும் இதைப் பற்றியதுதான். ஆட்டரில் கணக்கே இல்லாத, மீட்டிங்கில் எதிர்முனையில் இருப்பவரின் குரலை அவர் சம்மதம் இல்லாமல் பதிந்து, மாடலைப் பழக்கவும் பயன்படுத்தியது என்பது குற்றச்சாட்டு.

எழுத்துப்பிரதி இருந்தால் இன்னொரு விளைவும் உண்டு. ஒரே மீட்டிங்குக்கு இரண்டு ஆவணம் ஆகிவிடுகிறது. கம்பெனி நலனுக்குக் கேடானது, ஒருவரை அவதூறு செய்வது, சம்பந்தமில்லாதது என்று தான் கருதுவதைச் சேர்க்காமல் விட சேர்மனுக்கு முழு உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. "உன் பொண்டாட்டி சொல்லித்தான் நீ பேசறே" என்பதை நான் எழுத மாட்டேன். கருவி எழுதும். அண்ணன் தம்பி பிரிகிற நாளில், சென்னை கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் நிர்வாகத்தில் தனக்கு அநியாயம் நடக்கிறது என்று பிரிவு 241-ன் கீழ் மனு போடும்போது, பழைய மெயிலிலிருந்து அதைத் தோண்டி எடுப்பார்கள். பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுப்படி ஒரு சான்றிதழைச் சேர்த்துத் தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. கோபத்தில் சொன்னதைச் சாயங்காலம் மறந்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் இந்தக் குடும்பங்கள் ஒரே மேஜையில் உட்காருகின்றன.

இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அப்பா ஊரில் கிராம சபை நடக்கும்போது குறையே வேறு: மக்கள் சொன்னது எதுவும் தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதில்லை. தண்ணீர்த் தொட்டி பற்றி மூன்று பெண்கள் எழுந்து பேசியிருப்பார்கள். புத்தகத்தில் வரவு செலவு படிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது என்று மட்டும் இருக்கும். ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 14 அன்று சபாசார் என்ற கருவியை வெளியிட்டது. கிராம சபையின் ஒலி அல்லது வீடியோவிலிருந்து கூட்டக் குறிப்பைத் தயாரிப்பது அதன் வேலை. பாஷிணி என்ற அரசின் மொழிபெயர்ப்பு ஏஐ தளத்தின் மேல் கட்டப்பட்டது. முதலில் திரிபுராவின் பஞ்சாயத்துகளில் சுதந்திர தினக் கிராம சபைக்குப் பயன்படுத்துவதாக அறிவித்தார்கள். எங்கள் ஊருக்கு அது வந்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஆறிலும் பேசியதைப் பேசியபடி வைத்துக்கொள்ளட்டும். அங்கே எழுதுபவருக்கு அதிகாரம், பேசுபவருக்கு இல்லை. அங்கே கருவி பேசுபவர் பக்கம் நிற்கும். போர்டு ரூமில் எல்லோர் கையிலும் கொஞ்சம் அதிகாரம் இருக்கிறது, அதைக் காட்டாமல் வைத்திருக்கிறார்கள். ஒரே கருவிதான், அறை வேறு.

சரி, நான் எதற்குப் பயன்படுத்துகிறேன்? திருப்பூரில் மீட்டிங் முடித்து காரில் வரும்போது, மறப்பதற்குள் என் குறிப்புகளை என் குரலிலேயே சொல்லி வைக்கிறேன். வீட்டு லேப்டாப்பில் விஸ்பரின் பெரிய மாடல் ஏறத்தாழ 3 ஜிபி இடத்தில் கிடக்கிறது. இன்டர்நெட் இல்லாமலே எழுதித் தரும். ஒரே ஆள், ஒரே குரல், நிறுத்தி நிதானமாகப் பேசுவது என்பதால் பிழை குறைவு. கிளையண்டின் விஷயம் என் மேஜையைத் தாண்டுவதில்லை. மாத உற்பத்தி ரிவ்யூ மீட்டிங்குகளில் கருவியைத் தாராளமாக ஓடவிடச் சொல்கிறேன். எந்த மெஷினுக்கு எந்த ஸ்பேர், யார் எந்தத் தேதிக்குள் வாங்குவது என்ற பட்டியலுக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. டிராஃப்ட் மினிட்ஸை முடித்த பிறகு அஜெண்டாவோடு ஒப்பிட்டு, ஏதாவது ஐட்டம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கவும் உதவுகிறது. அது பிடித்துக் கொடுத்தவை உண்டு.

இந்த நிதியாண்டிலிருந்து ஒரு பழக்கம் ஆரம்பித்திருக்கிறேன். வருடத்தின் முதல் போர்டு மீட்டிங்கில் டைரக்டர்களின் இன்ட்ரஸ்ட் டிஸ்க்ளோஷர், அதாவது வேறு எந்தெந்தக் கம்பெனியில் அவர்களுக்குத் தொடர்பு இருக்கிறது என்ற அறிவிப்பு, எப்படியும் வாங்குவோம். அதற்கு அடுத்த ஐட்டமாக ரெக்கார்டிங் பற்றி ஒரு தீர்மானம் வைக்கிறேன்: யார் ரெக்கார்டு செய்யலாம், எந்தக் கருவி, எங்கே சேமிப்பது, எப்போது அழிப்பது, தனிப்பட்ட நோட்டேக்கர் யாரும் கொண்டுவரக் கூடாது. "இதுக்கெல்லாம் ஒரு தீர்மானமா அம்மிணி?" என்று எல்லாப் பெரியவர்களும் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு நிறைவேற்றுகிறார்கள்.

ஒரு கம்பெனியில் மட்டும் நிற்கிறது. அண்ணனுக்கு எல்லா மீட்டிங்கும் ரெக்கார்டு ஆக வேண்டும். தம்பிக்கு ஒன்றும் ஆகக் கூடாது. இருவரும் காரணம் சொல்லவில்லை. அடுத்த மீட்டிங்குக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறேன்.